மூன்று பின் எல்.இ.டி. பிளாஷர்: பழைய பிக்கப்புக்கு வாங்கலாமா?

இண்டிகேட்டர் படபடவென அடித்ததும் பிளாஷரை (விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் சின்ன ரிலேவை) மாற்றக் கிளம்ப வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வேகமென்றால் பெரும்பாலும் பிளாஷர் குற்றவாளி இல்லை. அந்தப் பக்கத்து 21 வாட் பல்ப் ஒன்று ஃபியூஸ் போயிருக்கும். அல்லது யாரோ 5 வாட் பல்பைச் செருகியிருப்பார்கள். பல்ப் நல்லதென்றால் பின்பக்க ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். சேறு தெறிக்கும் இடம், எர்த் முனையில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

எல்.இ.டி. பல்ப் போட்ட பிறகு இரு பக்கமும் வேகமாக அடித்தால்தான் இந்த மூன்று பின் பிளாஷருக்கு வேலை. எல்.இ.டி. கரண்ட் குறைவாக இழுப்பதால் லோடு குறைந்தாலும் நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை என்ற சரியான கணக்கிலேயே அடிக்கும். லோடைக் கூட்டிக்காட்ட பல்போடு சேர்த்துக் கட்டும் 6 ஓம் ரெசிஸ்டரைவிட இது மேல். அது 24 வாட்டுக்கு மேல் தின்று, தொட்டால் கை பொசுங்கும் அளவுக்குச் சுடும். பிளாஸ்டிக் பக்கம் கட்டினால் உருகிவிடும்.

குறைகளும் உண்டு. 'இ' பின்னுக்கு எர்த் கட்டாயம். பழைய இரண்டு பின் சாக்கெட்டென்றால் தனி ஒயர் இழுக்க வேண்டும். 'பி' (பேட்டரி), 'எல்' (விளக்கு), 'இ' (எர்த்) வரிசை எல்லா மாடலிலும் ஒன்றல்ல, மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்தே செருகுங்கள். இன்னொன்று: பல்ப் போனாலும் இது வேகமெடுக்காது. அந்த எச்சரிக்கை போய்விடுவதால், வாரம் ஒருமுறை வண்டியைச் சுற்றிவந்து பார்க்க வேண்டியதுதான்.