வழக்கு வந்தால் எது காப்பாற்றும்: காப்பீடா, கம்பெனியா?

வாடகை வீட்டின் படிக்கட்டுக் கைப்பிடி ஆட்டம் கண்டிருக்கிறது. குடியிருப்பவர் விழுந்து முதுகெலும்பு முறிந்து, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுகிறார். வீடு உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால், தோற்கும்போது அந்த வீட்டோடு உங்கள் மற்ற சொத்துகளும் சேமிப்பும் ஆபத்தில் விழும். இதற்கு முதலீட்டாளர்கள் நாடும் வழிகள் முக்கியமாக இரண்டு: பொறுப்புக் காப்பீடு (உங்களால் பிறருக்கு நேர்ந்த நஷ்டத்தை ஏற்கும் காப்பீடு) எடுப்பது, அல்லது வீட்டைக் கம்பெனி பெயருக்கு மாற்றுவது.

கம்பெனி வழியின் வேர் பழையது. கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1896-இல் சாலமன் வழக்கில் உறுதியாகச் சொன்னது. அமெரிக்காவில் இதற்குப் பெரிதும் பயன்படும் எல்.எல்.சி. (முதலாளியின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் கம்பெனி) அமைப்புக்கு, வயோமிங் மாநிலம் 1977-இல் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கம்பெனி வைத்தால், ஒன்றின் மீதான வழக்கு மற்றதைத் தொடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓட்டைகள் பல. அந்தக் கைப்பிடியை நீங்களே அரைகுறையாகப் பழுது பார்த்திருந்தால் அது உங்கள் சொந்தக் கவனக்குறைவு. கம்பெனி அதை மறைக்காது. கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தாலும் அப்படியே. வாடகைப் பணமும் உங்கள் குடும்பச் செலவும் ஒரே வங்கிக் கணக்கில் புரண்டால், கம்பெனி என்ற திரையையே நீதிமன்றம் விலக்கிவிடலாம். அடமானத்தில் உள்ள வீட்டைக் கேட்காமல் மாற்றினால், முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லும் உரிமை பல ஒப்பந்தங்களில் வங்கிக்கு உண்டு. எல்லாம் சரியாக இருந்தாலும், வழக்கில் சிக்கிய அந்த வீடு போகலாம். வக்கீல் செலவும் கம்பெனியின் தலையில்தான்.

காப்பீடு முந்துவது இங்கேதான். பொறுப்புக் காப்பீடு பொதுவாக வக்கீலை அமர்த்தி வழக்கை நடத்தும், சமரசம் பேசும், உச்சவரம்பு வரை பணமும் கட்டும். வரம்பு போதாதென்றால் மேலே கூடுதல் பாலிசி எடுக்கலாம். வேண்டுமென்றே செய்த தவறு, பூஞ்சைப் பாதிப்பு போன்றவற்றைப் பல பாலிசிகள் விலக்கிவிடும் என்பதால் விலக்குப் பட்டியலை வரிக்கு வரி படியுங்கள். பட்டா, பத்திரம் சார்ந்த உரிமைச் சிக்கலுக்கு இரண்டுமே உதவாது. அது வேறு வேலை.

சொத்தை டிரஸ்ட் பெயரில் வைப்பதும் உண்டு. ஆனால் நீங்களே எப்போது வேண்டுமானாலும் கலைக்கக்கூடிய டிரஸ்டை நம்பவே வேண்டாம். உங்களிடம் பணம் பெற வேண்டியவர்களிடமிருந்து அது பொதுவாகக் காக்காது. விபத்து நடந்தபின் அவசரமாகச் சொத்தை மாற்றுவதும் வீண். பணம் பெற வேண்டியவர்களை ஏமாற்றச் செய்யும் கைமாற்றம் செல்லாது என்று இங்கிலாந்து 1571-லேயே சட்டம் போட்டுவிட்டது. இன்றும் பல நாடுகளில் நிலை அதுதான்.

ஒன்றிரண்டு வீடு என்றால் முதலில் நல்ல காப்பீடு என்பதே என் கருத்து. வீடுகள் பெருகினாலோ கூட்டாளிகள் சேர்ந்தாலோ, காப்பீட்டை விடாமல் கம்பெனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டைக் கம்பெனிக்கு மாற்றியபின் பாலிசி பழைய பெயரிலேயே கிடந்தால், பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஆகவே மாற்றும் முன்பே, கம்பெனியின் பெயரைப் பாலிசியில் சேர்த்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்.