ஷோகேஸ் வெயிலில் வெந்த சென்ட்டை விற்றுவிட்டு, பழியை நம் தலையில் கட்டுகிறார்கள்

கரோல் பாக் பக்கம் பெர்ஃப்யூம் வாங்கப் போகிற டெல்லித் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கடைப் பெயரைப் போடவில்லை. இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்கிறது என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். நல்லதாக ஒரு சென்ட் வாங்கிக் கொடுக்கலாமே என்று மே மாதக் கடைசியில் போனோம். மேற்கு பார்த்த கடை, வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஷோகேஸ். கணவரிடம் தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்ததுதான் தாமதம், "அக்கா, நீங்க தமிழா? வாங்க வாங்க" என்று ஒரு தம்பி ஓடி வந்தார். திண்டுக்கல் பக்கமாம். டெல்லியில் எத்தனை வருஷம் குப்பை கொட்டினாலும் அந்த "அக்கா" நம்மைக் கொஞ்சம் அசைத்துத்தான் விடுகிறது.

பெயர் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனியின் ஓ டி பார்ஃபம் (ஆல்கஹாலில் கரைத்த சென்ட் வகை), 100 மில்லி. டெஸ்டரை எடுத்துக் காகிதப் பட்டையில் அடித்துக் காட்டினார். முதலில் எலுமிச்சை இனத்துப் பெர்கமாட், கொஞ்ச நேரத்தில் மல்லிகை, அடியில் சந்தனம். அருமை. எம்.ஆர்.பி.யில் 40 சதவீதம் தள்ளுபடி போக 6,800 ரூபாய். டெஸ்டர் வந்தது ஏ.சி.க்குக் கீழே இருந்த டிராயரிலிருந்து. எனக்குக் கட்டிக் கொடுத்த பெட்டி வந்தது வாசல் ஷோகேஸிலிருந்து. மொத்தக் கதையும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நிச்சயத்தன்று காலையில் அவள் பெட்டியைப் பிரித்துக் கழுத்தில் ஒரு முறை அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. பெயிண்ட் வாசனை வருது." கிட்டே போய் முகர்ந்தேன். டர்பன்டைன் நெடி, அதோடு நாள்பட்ட எண்ணெயின் சிக்கு. மல்லிகை எங்கோ அடியில் முனகிக்கொண்டிருந்தது. அரை மணியில் அடித்த இடம் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

சென்ட்டுக்கு எதிரி மூன்று: வெளிச்சம், சூடு, காற்று. பெர்கமாட், ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்களில் லிமோனீன் என்ற பொருள் இருக்கிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். வெளிச்சமும் சூடும் அந்த வேலையை முடுக்கிவிடும். அப்படிக் கெட்ட லிமோனீன் நாறுவதோடு நிற்பதில்லை, சிலருக்குத் தோல் அலர்ஜியும் தரும். சந்தனம் போன்ற, கடைசி வரை தங்கும் கனமான அடிமணம் லேசில் கெடாது. அதனால் கெட்டுப்போன சென்ட் முதல் சில நிமிஷம்தான் நாறும், பிறகு "பரவாயில்லையே" என்று தோன்றும். கடைக்காரர்கள் "கொஞ்சம் செட்டாகட்டும் மேடம்" என்று நேரம் கடத்துவதன் சூட்சுமம் இதுதான்.

பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் புரிந்தது. பின்பக்கம் அடர்ந்த அரக்குச் சிவப்பு, முன்பக்கம் வெளுத்த செங்கல் நிறம். முன்பக்க மூலையில் வட்டமாக "நியூ அரைவல்" ஸ்டிக்கர். நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் பளிச்சென்று அரக்குச் சிவப்பில் ஒரு வட்டம்! புதுச் சரக்கு என்று ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டி வெளுக்கும் வரை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டெல்லியில் மே, ஜூனில் 45 டிகிரி அடிக்கும். மூடிய கண்ணாடிக்குள் அதற்கும் மேலே போகும். டெஸ்டரில் வெளிர் மஞ்சளாக இருந்த திரவம் இந்தப் பாட்டிலில் டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கடையில் அதே தம்பி. பில்லையும் பாட்டிலையும் பார்த்ததும் தமிழ் போய்விட்டது. "மேடம்ஜி" என்று ஹிந்தியில் ஆரம்பித்தார், கடைசி வரை ஒரு "அக்கா" கூட வரவில்லை. முதலாளியும் சேர்ந்துகொண்டார். அவர்கள் சொன்ன சாக்குகளை அப்படியே எழுதுகிறேன். உங்களிடமும் இவற்றைத்தான் சொல்வார்கள்.

முதல் சாக்கு: "மணிக்கட்டுல அடிச்சுத் தேய்ச்சிருப்பீங்க, அதுல மாலிக்யூல் உடைஞ்சிடும்." தேய்க்கக் கூடாது என்பது சரி. தேய்த்தால் சூடேறி மேல்மணம், அதாவது அடித்ததும் முதலில் எழும் வாசனை, சீக்கிரம் பறந்துவிடும், அவ்வளவுதான். எலுமிச்சை டர்பன்டைனாக மாறாது. அவள் தேய்க்கவுமில்லை. குளித்ததும் வாசனையில்லாத லோஷன் தடவி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கழுத்தோரம் ஒரு முறை அடித்தாள். காய்ந்த தோலில் மணம் தங்காது. டிசம்பர், ஜனவரி வறட்சியில் இங்கே காலையில் அடித்தது ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போவது அதனால்தான். அடிக்கும் இடத்தில் துளி வாஸ்லின் தடவிக்கொண்டால் கூடுதல் நேரம் நிற்கும். பட்டுப் புடவை மேல் நேராக அடிப்பதை நான் அனுமதிப்பதே இல்லை, கறை படியும். முத்து மாலை போடுவதாக இருந்தால் முதலில் சென்ட், அது உலர்ந்த பிறகுதான் மாலை. தலையில் ரெண்டு முழம் மல்லிகைப் பூ இருக்கும்போது கழுத்திலும் நாலு தடவை அடித்துக்கொண்டு மெட்ரோவில் ஏறுகிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இரண்டாவது சாக்கு: "வீட்ல வெயில்ல வெச்சிருப்பீங்க." ஆர்.கே. புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் மேல்மாடி. மே மாதம் சுவரைத் தொட்டால் கை சுடும் என்பது எனக்குத் தெரியாதா? அந்தப் பெட்டி இருந்தது ஏ.சி. ரூமில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் கீழ்த்தட்டில், பிரிக்காமல். சென்ட் வைக்க நம் வீடுகளில் அதுதான் சரியான இடம். ஜன்னலோர டிரெஸ்ஸிங் டேபிள் வேண்டாம். கீஸர் ஆவி அடிக்கும் பாத்ரூமும், சூடு கக்கும் ஃப்ரிட்ஜின் தலையும், காரின் டேஷ்போர்டும் வேண்டவே வேண்டாம். அப்படியே நாங்கள் வெயிலில் வைத்திருந்தாலும் ரெண்டு மூணு நாளில் பாட்டில் டிகாஷன் நிறத்துக்கு வராது, பெட்டி அட்டை ஒரு பக்கமாக வெளுக்காது. உரித்த ஸ்டிக்கரின் அடியைக் காட்டினேன். முதலாளி சட்டென்று அடுத்த சாக்குக்குத் தாவினார்.

"வெனிலா இருந்தா கலர் மாறும் மேடம், கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல." இதில் பாதி உண்மை. வெனிலின் கலந்த சென்ட் நாளாக நாளாகப் பழுப்பாகும், மணம் நன்றாகவே இருக்கும். நிறத்தை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். நிறம், மேல்மணம், பெட்டியின் வெளுப்பு மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. டிராயரில் இருந்த அதே டெஸ்டரை எடுக்கச் சொன்னேன். "தீர்ந்துபோச்சு" என்றார்கள்.

கடைசி சாக்குதான் உச்சம். பழசாக ஆகத்தான் மணம் கூடுமாம், அத்தர் மாதிரியாம். சாந்தினி சௌக்கில் பழைய அத்தர் கடைகள் இருக்கும் தரீபா கலான் தெருவுக்கு ஒரு நடை போயிருந்தால் இப்படிப் பேச மாட்டார். அத்தருக்குப் பேர்போன உ.பி.யின் கன்னௌஜில் அதை எடுக்கும் பழைய முறையே வேறு. 'டெக்' என்ற செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாக 'பாப்கா' என்ற பாத்திரத்தில் இருக்கும் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். அதில் ஆல்கஹால் கிடையாது. சந்தன எண்ணெய் நாள்பட்டு முதிரும் என்பதும் நிஜம். ஆனால் இப்போது சந்தனம் விற்கிற விலைக்கு, மலிவு அத்தர் பலவற்றில் லிக்விட் பாரஃபின் என்ற மணமில்லாத கனிம எண்ணெய்தான் அடிப்படை. அதுவும் முதிரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆல்கஹாலில் கரைத்த பெர்கமாட் சென்ட்டுக்கு இந்தக் கதையே பொருந்தாது.

பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் அனுப்புவதும் அதில் சேரும். என்னிடமும் முதலில் கச்சா சீட்டைத்தான் (கணக்கில் வராத துண்டுச் சீட்டு) நீட்டினார்கள், பக்கா பில் கேட்டு வாங்கியதால்தான் இவ்வளவு தூரம் பேச முடிந்தது. 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், போன் செய்து பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் முதலாளி தானாகக் கூப்பிட்டார். முதலில் வேறு பாட்டில் தருகிறேன் என்றார், அதே ஷோகேஸிலிருந்து! மாட்டேன் என்றதும் 5,000 ரூபாயை யு.பி.ஐ.யில் போட்டுவிட்டு, பெட்டியைப் பிரித்ததற்கு 1,800 கழித்தேன் என்கிறார். பிரிக்காமல் எப்படி முகர்வதாம்? மீதிக்குப் புகார் அப்படியே நிற்கிறது.

வாங்கும்போது நான் இப்போது பார்ப்பவை: ஷோகேஸில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் வேண்டாம், உள்ளே இருப்பதைக் கேட்கிறேன். இல்லை என்றால் வெளியே வந்துவிடுகிறேன். பெட்டியை நாலு பக்கமும் திருப்பி நிறத்தைப் பார்க்கிறேன். பெட்டியில் உள்ள பேட்ச் நம்பரும் பாட்டிலின் அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கொடுத்ததும் அங்கேயே பிரித்துச் சரிபார்க்கிறேன், அங்கேயே ஒரு முறை அடித்துப் பார்க்கிறேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயர், விலாசம், பதிவுச் சான்று எண், தயாரித்த மாதம், வருஷம் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். விலை ஸ்டிக்கர் சரியாகத் தேதியின் மேல் ஒட்டியிருந்தால் உரிக்கச் சொல்லுங்கள்.

நாத்தனாருக்குக் கழுத்துச் சிவப்பு இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் சமீபத்தில் வாங்கியவர்கள் இருந்தால் இன்றைக்கே பெட்டியை எடுத்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பில்லில் கெடு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், போடாவிட்டால் தேதியிலிருந்து 30 நாள்.