மடக்குப் பல்லாங்குழி: தாத்தா பாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்து ஆட எது தோது?

நூலகம், அங்கன்வாடி, குடியிருப்புச் சங்க அறை என்று முதியவர்களும் பிள்ளைகளும் கூடும் இடத்துக்குப் பல்லாங்குழி வாங்குவோர் பெரும்பாலும் மடக்கும் மரப்பலகையைத்தான் எடுக்கிறார்கள். ஷோகேஸில் வைக்க அழகுதான். ஆட வேண்டுமென்றால் முதலில் கீலைப் பாருங்கள். விரித்த இரு பாதியும் ஒரே மட்டத்தில் படியாவிட்டால் கை படும்போதெல்லாம் பலகை ஆடும். நடு இடுக்கில் காய் சிக்கும்.

அடுத்தது குழி. 14 குழிக்கும் ஐந்தைந்தாக 70 காய். நாலு சுற்று போனால் ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிடும். ஆழமில்லாத பிளாஸ்டிக் பலகையில் அவை பக்கத்துக் குழிக்கு உருள, சண்டை ஆரம்பம். செங்குத்தாகக் குடைந்த குழியும் ஆகாது. மூட்டுவலிக்காரர் கடைசிக் காயை வழித்தெடுக்கத் திணறுவார். கிண்ணம்போல் சரிந்திருப்பதே நல்லது.

காய் விஷயத்தில் விற்பவர்கள் அசட்டை. கறுப்புப் பாலிஷ் போட்ட பலகைக்குப் புளியங்கொட்டை தருகிறார்கள். கண்புரை உள்ளவருக்கு எதுவும் தெரியாது. வெள்ளைச் சோழி வாங்கிப் போடுங்கள். சிவப்பு மஞ்சாடி வெளிர்மரத்துக்குப் பொருந்தும். அதில் கறுப்புக் கண் உள்ள குன்றிமணி கலந்திருந்தால் பொறுக்கி எறியுங்கள், அது விஷம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் அறையில் எந்தக் காயும் வேண்டாம்.

பெட்டிக்குள் இருக்கும் விதிமுறைத் தாளை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. குழியில் நாலு காய் சேர்ந்தால் 'பசு', அதாவது அந்த நாலையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதில் பெரிய தகராறு இல்லை. ஆனால் வெறுங்குழியைத் தடவி அடுத்த குழியை அள்ளும்போது எதிர்க்குழியும் சேர்த்தா, இல்லையா என்பது ஊருக்கு ஊர் மாறும். தாள் கையில் இருந்தால் பிள்ளை அதைக் காட்டி, "தப்பா ஆடுறீங்க பாட்டி" என்று திருத்தும். பாட்டி பலகையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். தாள் இல்லையென்றால் அவர் சொல்வதுதான் சட்டம். இரண்டு ஊர்ப் பாட்டிகள் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே எந்த ஊர் முறை என்று பேசிவிடுவது உத்தமம்.

ஒரு பலகைக்கு இருவர் போதும். மூன்றாவது ஆள் சும்மா இருக்கமாட்டார், எண்ணிச் சொல்லிக் கெடுப்பார். உதிரியாகப் பத்துக் காய் எடுத்து வையுங்கள், 70 எப்போதும் 70ஆக இருக்காது.