தல்லாகுளத்து மெஸ்ஸும் தட்டைத் திருப்பிப் பார்க்கும் கண்களும்

மதுரை தல்லாகுளத்தில் பெரிய சாலையை விட்டு விலகிய ஒரு சந்தில், திருநங்கைகள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய மெஸ் நடத்துகிறார்கள். பெயர்ப் பலகை கிடையாது. 'மதியச் சாப்பாடு, பார்சல் உண்டு' என்று கரும்பலகையில் எழுதியிருப்பதுதான் அடையாளம். குடல் குழம்புக்காகவே இங்கு வரலாம். மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பலமுறை அலசிக் கவிச்சியை முற்றிலும் நீக்கி, சின்ன வெங்காயத்தோடு வதக்கி, சோம்பும் கசகசாவும் சேர்த்தரைத்த தேங்காயை ஊற்றிக் கொதிக்க வைக்கிறார்கள்; மெத்தென்று வெந்தும் கடிபடும் பதம் குலைவதில்லை. சுக்காவில் மிளகு தூக்கலாக இருந்தது, அது எனக்குப் பிடித்தமானதே. ரசம் சுமார்தான், புளியைக் குறைக்க வேண்டும்.

இந்தக் கடையைப் பரிந்துரைத்தவர்கள் அனைவரும் ருசியைச் சொல்லும் முன் "ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றே தொடங்கினார்கள். மாசி வீதி ஓட்டல்களைப் பற்றி இவர்கள் ஒருநாளும் அப்படித் தொடங்கியதில்லை. அழுக்காகத்தான் இருக்கும் என்று முன்பே முடிவு கட்டியவருக்குத்தான் சுத்தம் வியப்பாகத் தெரியும். அவர்களை மட்டும் சொல்வானேன்? உட்கார்ந்ததும் நானும் எவர்சில்வர் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். வேறெந்தக் கடையிலும் நான் செய்யாத காரியம் அது. பரிமாறிய அக்கா அதைக் கவனித்துவிட்டு, வேறொரு தட்டை என் கண்முன்னேயே கழுவி வைத்து, "சுக்கா வைக்கவாண்ணே?" என்று இயல்பாகக் கேட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இப்படிப் பார்க்கிறவர்கள் அவருக்குப் புதிதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்பதில் அடங்குவார் என்று 2019-இல் தீர்ப்பளித்தது இதே ஊரிலுள்ள உயர் நீதிமன்றக் கிளைதான். ஆனால், இந்தச் சிறிய இடத்தை வாடகைக்குப் பிடிக்கவே பல வீட்டுப் படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்ததாகக் கல்லாவில் இருந்தவர் சொன்னார். மீதிச் சில்லறை வேண்டாம் என்று பெருந்தன்மையாகக் கையசைத்துக் கிளம்பும் வாடிக்கையாளர்களை அவர் விடுவதில்லை. வாசல்வரை போய், எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறார். கடைக்காரருக்குக் காசு கொடுக்கிறோமா, கைநீட்டியவருக்குக் கொடுக்கிறோமா என்ற வேறுபாடு அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

கை கழுவும் இடம் மிக நெருக்கடியானது. பார்சலில் குழம்புப் பொட்டலத்தை இன்னும் இறுக்கிக் கட்டலாம். ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் ஒன்றரை மணிக்கு மேல் போனால் குடல் குழம்பு கிடைப்பது அரிது.