கிரேவன்ஹர்ஸ்ட் காட்டுக்குள் ஸ்டார்லிங்க்: இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு

ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டு வடக்கே மஸ்கோகாப் பக்கம் வந்தபோது எங்கள் ரோட்டில் கேபிள் இல்லை. முதலில் வைத்திருந்தது பழைய வகைச் செய்மதி இணையம். அந்தச் செய்மதி நிற்பது 35,786 கிலோமீற்றர் உயரத்தில்; குரல் அவ்வளவு தூரம் போய்வர நேரம் எடுக்கும். யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மாவோடு கதைத்தால், அவ "ஓம்" என்பது எனக்கு வந்துசேர முன்னம் நான் அடுத்த கேள்வியைத் தொடங்கிவிடுவேன். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்துவோம். இப்போது வைத்திருக்கும் ஸ்டார்லிங்க், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செய்மதி இணையம்; அதன் செய்மதிகள் ஓடுவது ஏறக்குறைய 550 கிலோமீற்றரில். இப்போது அம்மா பெருமூச்சு விட்டாலும் உடனே கேட்கிறது. அதற்காகவே மாதம் 140 டொலரை மனக்குறை இல்லாமல் கட்டுகிறேன்.

வாங்குகிறவர்கள் முதலில் மரங்களைப் பாருங்கள். இங்கே செய்மதியோடு தொடர்புகொள்ளும் டிஷ்ஷுக்கு வடக்கு வானம் திறந்திருக்க வேண்டும். ஸ்டார்லிங்க் ஆப்பில் போன் கமராவை வானத்தில் சுற்றினால் மறைப்பு எங்கே என்று காட்டும். எங்கள் பைன் மரங்களுக்கு மேலே வர, கூரையில் கம்பம் நட்டோம். பனி விழுந்தால் டிஷ் சூடாகித் தானே உருக்கிவிடும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அந்த மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள்.

மனதை உறுத்துவது வேறொன்று. பக்கத்தில்தான் டொரன்ஸ் பரன்ஸ், 1999இலேயே இருள்வானக் காப்பிடமாக, அதாவது செயற்கை வெளிச்சம் கெடுக்காமல் இரவு வானத்தைக் காக்கும் இடமாக, அறிவிக்கப்பட்ட பாறைவெளி. ஜூன் மாதம் மகளும் நானும் பால்வீதியைப் படமெடுக்கப் போவோம். போனமுறை 20 படங்களில் 13இல் வெள்ளைக் கோடுகள். யாருடைய செய்மதிகள் என்று படத்தில் தெரியாது. ஜூனில் இங்கே சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆழமாக இறங்காது. எங்களுக்கு இரவு, செய்மதிகளின் உயரத்தில் விடிய விடிய வெயில்; அதில்தான் அவை மின்னுகின்றன. 2019 மே மாதம் 60 செய்மதிகளோடு தொடங்கிய ஸ்டார்லிங்க்குக்கு மட்டுமே இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டளவு ஆயுள். பிறகு வளிமண்டலத்தில் எரிகின்றன. மிஞ்சும் அலுமினிய ஒட்சைட்டுத் துகள் ஓசோனை என்ன செய்யும் என்று விஞ்ஞானிகள் கவலையோடு ஆராய்கிறார்கள்.

2020 இறுதியில் வட ஒன்ராறியோவில் பிகாங்கிகம் முதற்குடி மக்களுக்கு இந்த இணைப்புக் கிடைத்தது. வானம் கெடும், நீங்கள் பொறுத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வாசலில் ஃபைபர் கேபிள் இணையம் இருக்கிற ரொறன்ரோ வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். எங்கள் ரோட்டுக்கும் ஃபைபர் கேட்டு அயலவர்களோடு மனுவில் கையெழுத்து வைத்திருக்கிறேன். அது வந்த அன்றே டிஷ்ஷைக் கழற்றிவிடுவேன். கம்பத்தில் கமராவைப் பூட்டப் போவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.