ரிட்டன் கிஃப்ட்டுக்குத் தண்ணீர்ச் செடி வாங்குகிறீர்களா? வேரைக் காட்டச் சொல்லுங்கள்

கிரகப்பிரவேசம், வளைகாப்பு, காதுகுத்து எதுவானாலும் இப்போது தாம்பூலப் பையோடு கண்ணாடிக் குவளையில் ஒரு செடியும் கொடுக்கிறார்கள். எவர்சில்வர் கிண்ணத்துக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் இது எவ்வளவோ மேல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவற்றை மொத்தமாக விற்பவர்களில் சிலர் செய்கிற வேலை, வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேடவாக்கத்தில் எங்கள் புதுவீட்டு விசேஷத்துக்கு 75 செடி வாங்கினோம். முக்கால்வாசி ஒரு மாதம்கூடத் தாங்காமல் அழுகிப் போயின. விற்றவர் கையை விரித்துவிட்டார்.

அவருக்குக் கடை என்று எதுவும் கிடையாது, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம்தான். படங்கள் பிரமாதமாக இருக்கும். மண் வேண்டாம், வெயில் வேண்டாம், மாதம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் போதும், நாசா அங்கீகரித்த காற்றுச் சுத்திகரிப்புச் செடி என்றெல்லாம் எழுதியிருப்பார். ஒன்று 180 ரூபாய். 75 செடிக்கு 13,500. பாதிப் பணம் முன்னாலேயே ஜிபே. மாதிரிக்கு ஒன்று வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். தெளிந்த தண்ணீரில் மணி பிளான்ட், வெள்ளை வெளேரென்று நீளநீளமாக வேர். “எல்லாமே இப்படித்தான்க்கா வரும்” என்றார். அந்த மாதிரிச் செடியைக் குறை சொல்லவே முடியாது, அது உண்மையாகவே தண்ணீரில் வளர்ந்தது.

சரக்கு வந்தது விசேஷத்துக்கு முதல்நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல். மணி பிளான்ட் கொஞ்சம்தான், மீதியெல்லாம் பீஸ் லில்லி, சிங்கோனியம், ஓரிரண்டு வரிசை லக்கி பாம்பூ. தெளிந்த தண்ணீருக்குப் பதிலாகக் குவளை நிறைய நீலமும் பச்சையும் ரோஸுமாக ஜெல் உருண்டைகள். “கலரா இருந்தா கெஸ்ட்டுக்குப் பிடிக்கும், எக்ஸ்ட்ரா சார்ஜ் போடலைக்கா” என்று தாராள மனசுக்காரர் மாதிரி பேசினார். விடிந்தால் கணபதி ஹோமம், அடுப்பில் பால் பொங்க வேண்டும், வாசலில் வாழைமரம் கட்ட ஆள் நிற்கிறார். அந்த நேரத்தில் ஒவ்வொரு குவளையையும் கவிழ்த்து வேர் பார்க்கிறவர் யாரும் கிடையாது. அது தெரிந்துதான் அந்த நேரத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் போன் பெரியம்மாவிடமிருந்து. “ஏண்டி, நீ குடுத்த செடி நாத்தம் அடிக்குதே, தண்ணி மாத்தணுமா?” அப்புறம் நாத்தனார், அலுவலகத்துத் தோழிகள், எதிர்வீட்டு அக்கா. சிலர் போட்டோ அனுப்பினார்கள், சிலர் பாவம் என்று சொல்லாமலே தூக்கிப் போட்டுவிட்டார்கள். புதுவீட்டு விசேஷத்தில் கொடுத்த செடி பட்டுப்போனால், நம் ஊரில் செடி பட்டது என்பதோடு பேச்சு நிற்காது. என் மாமியாரின் அக்கா நேராகவே கேட்டுவிட்டார், வாசக்கால் வைக்கும்போது நாள் பார்த்தீர்களா என்று. 13,500 ரூபாயைவிட அத்தை முகம் வாடியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் மிச்சம் வைத்திருந்த பீஸ் லில்லி ஒன்றை அடுப்படித் தொட்டியில் கவிழ்த்தேன். ஜெல் உருண்டைகள் வழுக்கி ஓட, அழுகிய முட்டை வாடை குப்பென்று வந்தது. வேர் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. ஒரு வேரை விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் முழுசாகக் கழன்று கையில் வருகிறது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிற்கிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில் தென்னை நார்க் கழிவு இன்னும் ஒட்டியிருந்தது. அதற்குள் ஒரு மெல்லிய வலைத் துண்டு. நர்சரிகளில் சின்ன நாற்றைச் சுற்றி வருமே, அதே வலை. அதாவது கருப்பு கவரில் நார்க் கழிவிலும் மண்ணிலும் வளர்ந்த செடியைக் கழுவி, நீண்ட வேரைக் கத்தரித்து, குவளைக்குள் செருகி, அது வெளியே தெரியாமல் இருக்கக் கலர் ஜெல்லைக் கொட்டியிருக்கிறார்கள். நர்சரியில் இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற செடி, பாரிமுனையில் மொத்தமாக எடுத்த குவளை, ஒரு கைப்பிடி ஜெல். தண்ணீர்ச் செடி தயார்!

மண்ணில் வளர்ந்த செடியைத் தண்ணீரில் வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணில் துகளுக்குத் துகள் இடைவெளி உண்டு, அதில் காற்று இருக்கும், மண்ணில் முளைத்த வேர் அதை நம்பியே வாழ்கிறது. தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு, அதுவும் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். தண்ணீரிலேயே முளைக்கிற வேர் வேறு விதம். அதன் உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குழாய்கள் இருக்கும், இலைப் பக்கத்திலிருந்து காற்று அதன் வழியாக இறங்கும். ஒன்றைப் பிடுங்கி மற்றதன் இடத்தில் வைத்தால் பழைய வேர் மூச்சுமுட்டிச் செத்து அழுகும். அழுகல் இருக்கிற ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். செடிக்கு இலையில் இருப்பு கொஞ்சம் உண்டு என்பதால் இரண்டு மூன்று வாரம் பச்சையாகவே நிற்கும். விற்றவருக்கு அந்த இரண்டு மூன்று வாரம் போதுமே.

மாற்றவே முடியாது என்று சொல்லவில்லை. பீஸ் லில்லியையும் சிங்கோனியத்தையும் மண்ணிலிருந்து தண்ணீருக்குப் பழக்கலாம். மண் துளியும் இல்லாமல் கழுவி, அழுகுகிற பழைய வேரை அவ்வப்போது வெட்டி, ஆரம்பத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றி, வெள்ளையாகப் புது வேர் விடுகிற வரை காத்திருக்க வேண்டும். தண்டின் அடி தண்ணீரில் முழுகக் கூடாது. இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், சில செடி செத்தும் போகும். மணி பிளான்ட் என்றால் இவ்வளவு பாடு இல்லை. கணு ஒன்று தண்ணீருக்குள் இருக்கும்படி வெட்டி வைத்தால் தானாக வேர் விடும். எங்களுக்கு வந்ததில் பிழைத்தது பெரும்பாலும் அந்த மணி பிளான்ட்டும் லக்கி பாம்பூவும்தான். ஒரு விஷயம், லக்கி பாம்பூ வேர் செம்மஞ்சளாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து அழுகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டு மஞ்சளாக மாறினால்தான் பயப்பட வேண்டும், மஞ்சளான தண்டு திரும்பப் பச்சையாகாது.

அந்த ஜெல் உருண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டயப்பரில் ஈரத்தை உறிஞ்சுகிற பாலிமர் வகைதான் அது. காய்ந்திருக்கும்போது கடுகு அளவு, தண்ணீர் குடித்தால் கோலிக்குண்டு அளவு. பார்க்க ஜெல்லி மிட்டாய் போலவே இருக்கும். தம்பி வீட்டுக் குட்டிப் பையன் குவளையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டான். நல்லவேளை, தம்பி மனைவி பார்த்துத் தோண்டி எடுத்துவிட்டாள். விழுங்கியிருந்தால் குடலுக்குள்ளும் ஊதி அடைத்துக்கொள்ளலாம், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. 2023 கடைசியில் அங்கே அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றும் குழந்தைகளுக்கென்று விளம்பரம் செய்யப்படும் இந்த உருண்டைகளை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன. இங்கே அதைத் தாம்பூலத்தோடு வைத்து, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, செடி எப்படியோ போகட்டும், உருண்டையை முதலில் அப்புறப்படுத்துங்கள் என்று சொன்னேன்.

அடுத்தது கொசு. “மாதம் ஒரு தடவை தண்ணீர்” என்று அட்டையில் அச்சடித்தே ஒட்டியிருந்தார் அந்த மனிதர். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் ஊர் வெக்கையில் ஒரு வாரம், பத்து நாள் போதும். சித்தி வீட்டுக்கு மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்தால், மணி பிளான்ட் குவளையில் புழு நெளிகிறது. தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு, அடுத்த தடவை இருந்தால் அபராதம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். செடிக்குவளையில் கொசு வளர்வது புதிதல்ல. 2001இல் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்துக்குச் சீனாவிலிருந்து லக்கி பாம்பூ தண்ணீரோடு வந்தபோது ஆசியப் புலிக் கொசுவும் கூடவே போய் இறங்கியது. வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும்போது குவளையின் உள்சுவரைத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

நாசா சமாச்சாரத்தையும் முடித்துவிடுகிறேன். நாசா எந்தச் செடிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. 1989இல் அங்கே நடந்த ஓர் ஆய்வில், இறுக மூடிய சின்னப் பெட்டிக்குள் தொட்டிச்செடிகளை வைத்துச் சோதித்தார்கள். அதிலும் மண்ணுக்கும் வேரைச் சுற்றியிருந்த நுண்ணுயிர்களுக்கும் பெரிய பங்கு இருந்தது. மண்ணே இல்லாத குவளைக்கு அந்தப் பெருமையை எப்படிக் கொண்டுவந்து ஒட்டுகிறார்களோ! ஜன்னலைத் திறந்தால் மாறுகிற அளவு காற்றைச் செடியால் சுத்தப்படுத்த வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான மறுஆய்வு சொல்கிறது.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்கள் தனிக்கதை. முதலில் மெட்ரோ வாட்டர் ஊற்றியதால் குளோரின் கொன்றுவிட்டது என்றார். ராத்திரி முழுக்கத் திறந்த பக்கெட்டில் வைத்த தண்ணீர்தான் என்றதும், அப்படியானால் போர் தண்ணீர் உப்பு, ஆர்ஓ ஊற்றுங்கள் என்றார். பெரியம்மா வீட்டில் ஆர்ஓதான், அங்கேயும் அழுகல். அப்புறம், செடிக்குச் சத்து போதவில்லை, நியூட்ரியண்ட் பாட்டில் இருக்கிறது, 250 ரூபாய் என்றார். எதிர்வீட்டு அக்கா வாங்கியும் விட்டார். நீலக் கலரில் கால் லிட்டர், மேலே ரோஜாப்பூ படம், என்ன உரம், எத்தனை சதவீதம், யார் தயாரித்தது ஒன்றும் கிடையாது. உரம் என்று விற்றால் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். உரக்கடையில் கிடைக்கிற, தழை மணி சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 தூளைக் கரைத்தது என்றே வைத்துக்கொண்டாலும், அதிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் கிருமிகள் அதை மாற்றிக் கொடுக்கும், சின்னக் குவளையில் அந்த வேலை சரியாக நடக்காது. வேரே அழுகிய செடிக்குச் சத்து ஊற்றுவதில் வேறு என்ன பயன், தண்ணீரில் பாசி பிடித்ததுதான் மிச்சம்.

கடைசியாக, “செடி உயிருள்ள பொருள்க்கா, அதுக்கு கேரண்டி கிடையாது, ரிட்டனும் இல்ல” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பில் கேட்டபோதும் கொடுக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காததும் முறையற்ற வணிக நடைமுறைதான். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, மாதிரிச் செடியின் படம், அழுகிய வேரின் படம் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். தமிழிலேயே பேசலாம். அப்புறம்தான் வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டார், குரல் தேனாக இருந்தது. 4,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். ஐந்து லட்சத்துக்குள்ளான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஜெல்லும் கலர்க் கல்லும் இல்லாமல், வெறும் தண்ணீரில், வேர் தெரிகிற மாதிரி கேளுங்கள். தண்ணீரில் வளர்ந்த வேர் வெள்ளையாக, கொஞ்சம் தடித்து, துளி மண்ணும் நாரும் இல்லாமல் இருக்கும், நுனி வெட்டுப்பட்டிருக்காது. விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே இறக்கச் சொல்லுங்கள், அழுகுவது அந்த ஒரு வாரத்திலேயே வாடையில் தெரிந்துவிடும். மாதிரியைப் பார்த்துத் திருப்தியாகிவிடாமல், வந்த சரக்கில் கையில் அகப்பட்ட நாலைந்தைத் தூக்கிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். வேலை தெரிந்த நர்சரிக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். இப்போது எங்களுக்கு ஒருவர் மணி பிளான்ட் மட்டும் கொடுத்திருக்கிறார். மற்றது வேண்டுமென்றால் ஒன்றரை மாதம் முன்னால் சொல்லுங்கள், வேர் விட வேண்டாமா என்றார்.

எங்களை ஏமாற்றியவர் பக்கத்துக்கு இப்போது புதுப் பெயர் வைத்திருக்கிறார். படங்கள் பழையவைதான், அந்த மாதிரி மணி பிளான்ட்டும் இருக்கிறது. ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் எடுப்பதாகப் போட்டிருக்கிறார், ஒன்று 210 ரூபாய்.