டர்ஃப் வாசல் ஃபிரிட்ஜில் எதை எடுப்பது? எனர்ஜி டிரிங்க், ஸ்போர்ட்ஸ் டிரிங்க், மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ்.

மாலையில் டர்ஃபில், அதாவது வாடகைக்கு எடுக்கும் செயற்கைப் புல் மைதானத்தில், கிரிக்கெட் ஆடுபவர்களுக்கு அந்தக் கண்ணாடி ஃபிரிட்ஜ் பழக்கமானதுதான். மேல் தட்டில் ரெட் புல், அதன் கீழே சிவப்பு நிற ஸ்டிங், பக்கத்தில் நீலமும் ஆரஞ்சுமாக கேட்டரேட், ஓரத்தில் தண்ணீர் பாட்டில். ஆட்டம் முடிந்து வியர்வை சொட்ட வரும் பையன் கையில் பட்டதை எடுத்துத் திறக்கிறான். எதைக் குடித்தாலும் தெம்புதானே என்ற நினைப்பு.

ஆனால் ரெட் புல்லும் கேட்டரேடும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலாவது எனர்ஜி டிரிங்க், தூக்கத்தை விரட்டுவதற்கு. இரண்டாவது ஸ்போர்ட்ஸ் டிரிங்க், வியர்வையில் போனதைத் திருப்பிக் கொடுப்பதற்கு. இவற்றோடு, அந்த ஃபிரிட்ஜில் இல்லாத மூன்றையும் சேர்த்தே இங்கே பார்க்கிறேன்: உப்புப் போட்ட மோர், இளநீர், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல். நம் ஊர் வெயிலில் நிஜமான போட்டி இவற்றோடுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு ஓரத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர் பாட்டிலே போதும். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் ஒரு சிலருக்கு, ஒரு சில நேரங்களில் பயன்படும். எனர்ஜி டிரிங்க் விளையாடுகிறவருக்கான பானமே அல்ல. இதில் கடைசிக் கருத்து என்னுடையது மட்டுமல்ல, அந்த டின்னிலேயே அச்சிட்டிருக்கிறது.

டின்னின் பின்பக்கம்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, காஃபின் சேர்த்த பானங்களின் மேல் ஓர் எச்சரிக்கை இருக்க வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபின் ஒத்துக்கொள்ளாதவர்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு இது பரிந்துரைக்கப்படவில்லை என்பதே அது. ஆமாம், விளையாட்டு வீரர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் குடிக்கக் கூடாது என்பதும் அச்சிடப்பட வேண்டும். ஃபார்முலா ஒன் கார் அணியும் கால்பந்து அணிகளும் தன் பெயரில் வைத்திருக்கும் ரெட் புல்லின் டின்னிலும் இந்த வரி பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. விளம்பரம் ஒன்று சொல்ல, டின் வேறொன்று சொல்கிறது.

உள்ளே இருப்பது என்ன? இந்த வகைப் பானங்களில் ஒரு லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபின் இருக்கலாம் என்பது இந்திய வரம்பு. அதாவது 250 மி.லி. டின்னில் அதிகபட்சம் 75 மி.கி. இது பயங்கரமான அளவா என்றால், இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மி.லி. டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மி.கி. காஃபின் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 300 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது அவர்கள் அறிவுரை. அப்படிப் பார்த்தால் காலையில் நாம் குடிக்கும் டம்ளர் ஃபில்டர் காபி ஒரு ரெட் புல்லுக்குக் குறைந்ததல்ல. காபியைக் கும்பிட்டுக் குடித்துவிட்டு டின்னைப் பார்த்து மட்டும் அலறுவதில் நியாயமில்லை.

வித்தியாசம் குடிக்கிற விதத்திலும் சர்க்கரையிலும் இருக்கிறது. சூடான காபியை ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் குடிக்க யாராலும் முடியாது. சில்லென்று இனிக்கும் பானம் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும், அடுத்ததைத் திறக்கவும் தோன்றும். 250 மி.லி. ரெட் புல்லில் சுமார் 27 கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டின்னிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. சர்க்கரை இல்லாத வகையை எடுத்தால் இந்தச் சிக்கல் போகும், காஃபின் அப்படியே இருக்கும்.

டாரின், பி வைட்டமின்கள் என்று டின்னில் இருக்கும் மற்றப் பெயர்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. டாரினை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் போகும் பி வைட்டமின்களில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். தெம்பு வந்தது போலத் தெரிவது காஃபினும் சர்க்கரையும் செய்யும் வேலை.

சரி, காஃபின் விளையாட்டுக்கு உதவாதா? உதவும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004-இல் காஃபினைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆனால் ஆய்வுகளில் பலன் தெரியும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி. 60 கிலோ உள்ளவருக்குக் குறைந்தது 180 மி.கி. வேண்டும். அதை டின்னில் எடுக்கப் போனால் இரண்டரை டின், கூடவே 65 கிராமுக்கு மேல் சர்க்கரை. விவரம் தெரிந்த ஓட்டக்காரர்கள் இதற்குக் கறுப்புக் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2019-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த சோதனை ஒன்று உண்டு. ஆரோக்கியமான 34 இளைஞர்கள், யுவதிகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட 950 மி.லி. எனர்ஜி டிரிங்க் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் மின்துடிப்பில் க்யூ.டி. எனப்படும் இடைவெளி (ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம்) நீண்டது, ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறியது. அந்த அளவு நம் நாட்டு வரம்பைப் போல இரு மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு டின் குடித்தவர் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. இதயத் துடிப்பில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர் அந்த ஒரு டின்னையும் தொடாமல் இருப்பது நல்லது.

எனக்குக் கவலை வேறிடத்தில். ரெட் புல்லின் மூலம் தாய்லாந்தின் கிராட்டிங் டேங். அங்கே லாரி ஓட்டுநர்களும் கூலித் தொழிலாளிகளும் கண் விழிக்கக் குடித்த மலிவான பானம் அது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த டீட்ரிச் மேட்டஷிட்ஸ் அதைக் கொஞ்சம் மாற்றி, வாயு ஏற்றி, 1987-இல் ஐரோப்பாவில் விலை உயர்ந்த சரக்காக விற்கத் தொடங்கினார். இங்கே 2017-இல் வந்த பெப்சி நிறுவனத்தின் ஸ்டிங், இருபது ரூபாய் பாட்டிலாகப் பெட்டிக்கடை வரை போய், அதை மறுபடி ஓட்டுநர்கள் கையில் கொடுத்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு ஸ்டிங்கோடு பைக்கை எடுக்கும் டெலிவரி ஊழியரின் உடம்பில் தண்ணீரும் குறைவு, உப்பும் குறைவு, தூக்கமும் குறைவு. காஃபின் அந்த அசதியைத் தெரியாமல் மறைக்கிறது, குறைந்த மூன்றில் ஒன்றைக்கூட ஈடு செய்வதில்லை. மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதியளவு இரவு பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும் என்பதால் அன்றைய தூக்கமும் கெடும்.

ஃப்ளோரிடாவில் பிறந்தது

ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கின் கதை நேர்மையாகத்தான் தொடங்கியது. 1965-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியினர் வெக்கையில் சுருண்டு விழுந்தார்கள், ஆட்ட நேரத்தில் அவர்களுக்குச் சிறுநீரே வருவதில்லை. அங்கே மருத்துவராக இருந்த ராபர்ட் கேட் குழுவினர் நீர், உப்பு, சர்க்கரை மூன்றையும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். வாயில் வைக்க முடியாத அளவுக்கு இருந்ததால், எலுமிச்சைச் சாறு சேர்க்கலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி. அணியின் பெயர் கேட்டர்ஸ், அதனால் பானம் கேட்டரேட்.

கவசம் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வெயிலில் மோதிய ஆட்டக்காரர்களுக்காகச் செய்த பானம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இன்றைக்கும் விளையாட்டு மருத்துவர்கள் சொல்வது ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கடுமையாக உழைக்கும்போதுதான் இது தேவை என்று. அப்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போவது ஓட்டத்துக்கு உதவும். மாரத்தான் ஓடுபவர், நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர், நாள் முழுக்க வெயிலில் பந்து வீசுபவர் ஆகியோருக்கு ஸ்போர்ட்ஸ் டிரிங்க் நல்ல தேர்வுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடிப்பதும் அவர்களுக்கு ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பில் உள்ள முக்கியச் சத்து, குறைந்திருந்தது.

டர்ஃப் கிரிக்கெட்டில் என்ன நடக்கிறது? ஒரு மணி நேர வாடகை, அதில் பாதி நேரம் பேட்டிங் முறைக்காக வலைக்கு வெளியே காத்திருப்பது. அதற்கு அரை லிட்டர் கேட்டரேட் குடித்தால் உள்ளே போவது 30 கிராம் சர்க்கரை. எடை குறைக்க விளையாட வந்தவர் வியர்வை சிந்தி எரித்ததில் நல்ல பங்கை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

உப்புக் கணக்கு

சுவாரசியமான பகுதி இதுதான். வியர்வையில் போகும் உப்பு ஆளுக்கு ஆள் நிறைய மாறும் என்றாலும், பொதுவாக ஒரு லிட்டர் வியர்வையோடு ஒரு கிராம் அளவு சோடியம் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அரை லிட்டர் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கில் இருப்பது சுமார் 230 மி.கி. சோடியம். கால் லிட்டர் வியர்வைக்குத்தான் அது ஈடு. உப்பை அதற்கு மேல் கூட்டினால் குடிக்கிறவருக்குப் பிடிக்காது, விற்காது.

வீட்டு நீர்மோரில் டம்ளருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, அதாவது ஒன்றரை கிராம் போட்டால் கிட்டத்தட்ட 600 மி.கி. சோடியம். கூடவே பாலின் சர்க்கரை கொஞ்சம், புரதம் கொஞ்சம். சித்தாள், கொத்தனார், வயலில் நிற்பவர், காவல் பணியில் சாலையில் நிற்பவர் ஆகியோருக்கு எந்த வண்ண பாட்டிலையும்விட இது மேல். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப அலைக்குச் சொல்லும் பானங்களிலும் ஓ.ஆர்.எஸ்., மோர், எலுமிச்சைச் சாறு, நீராகாரம் போன்ற சோற்று நீர் எல்லாம் இருக்கின்றன, காபியும் சோடா வகைகளும் தவிர்க்க வேண்டியவற்றில் இருக்கின்றன. நீராகாரத்துக்கும் உப்புப் போட்டால்தான் இந்தக் கணக்கு. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய சோற்று அற்புதங்களை நான் இதில் சேர்க்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இளநீர் விஷயத்தில் பலருக்கு என்மேல் கோபம் வரலாம். ‘இயற்கையின் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்’ என்று அதைப் புகழ்வது முழு உண்மை அல்ல. இளநீரில் அதிகம் இருப்பது பொட்டாசியம், 100 மி.லி.க்கு 250 மி.கி. அளவில். வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். அது இளநீரில் குறைவு. தாகத்துக்கு அருமை, சர்க்கரையும் டின்களைவிடக் குறைவு, கோடையில் குடிக்க அதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை. ஆனால் உப்பு வெளியேறி கால் இழுத்துக்கொண்டு நிற்பவருக்கு அது மட்டும் போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து.

குளுக்கோஸ் பவுடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் சர்க்கரை, உப்பு பெயருக்கு.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அதன் போலிகளும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் சுமார் 1,700 மி.கி. அதே ஒரு லிட்டர் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கில் சர்க்கரை 60 கிராம், சோடியம் ஏறத்தாழ 450 மி.கி. சர்க்கரை நாலு மடங்குக்கு மேல், சோடியம் நாலில் ஒரு பங்கு. குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொள்கின்றன. சர்க்கரை மிகுந்துபோனால் தண்ணீர் எதிர்த்திசையில் குடலுக்குள் வந்து வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கேட்டரேட் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவுக்கு நடுவே மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலைப் பேரளவில் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். ஓ.ஆர்.எஸ். என்ற பெயருக்கு இருந்த மதிப்பில் இங்கே நடந்த வியாபாரம் எரிச்சல் தருவது. சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளை மேலே போட்டுக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளை இத்தகைய பானங்களில் பயன்படுத்தத் தடை போட்டது.

குழந்தைகளுக்கு என்ன வாங்குவது என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. எனர்ஜி டிரிங்க்குக்குச் சிறுவர்களின் உணவில் இடமே இல்லை, ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கும் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-லேயே சொல்லிவிட்டது. லிதுவேனியா 2014-லும் போலந்து 2024-லும் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு எனர்ஜி டிரிங்க் விற்கத் தடை கொண்டுவந்தன. இங்கே டின்னில் உள்ள வரியைப் படித்துப் பார்த்து விற்கும் பெட்டிக்கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. பல் மருத்துவர்களின் புகாரும் ஒன்று உண்டு. இந்த இரண்டு வகைப் பானங்களின் புளிப்பும் பல்லின் எனாமலை அரிக்கும், சிறிது சிறிதாக உறிஞ்சிக் குடித்தால் இன்னும் மோசம்.

விலையில் யாரும் ஓ.ஆர்.எஸ்.ஸை நெருங்க முடியாது. மருந்துக் கடையில் ஒரு லிட்டருக்கான பாக்கெட் இருபது ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வாங்கும்போது ‘உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். பாதியைப் பிரித்து டம்ளரில் போட்டால் அளவு குழம்பிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடலாம்.